மண்ணை மூடி வையுங்கள்

கோத்தகிரியில் தங்கை வீடு கட்டுகிறாள். சரிவை வெட்டி எடுத்த மண்ணைக் குவித்து வைத்திருந்தார்கள். போன வாரம் ஒரே ஒரு மழைதான். பாதி மண் கீழ்வீட்டுக்காரர் வாசலிலும் சாக்கடையிலும் கிடந்தது. வயதான அம்மா ஒருவர் குனிந்து அள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்து மனசே ஆறவில்லை. நாங்களும் இறங்கி அள்ளினோம்.

புல் இல்லாத மண்ணில் மழைத்துளி நேராக விழுந்து துகள்களைப் பிரித்துவிடுகிறது. அப்புறம் ஓடும் நீர் அள்ளிக்கொண்டு போகிறது. மணல் சீக்கிரம் படிந்துவிடும். களிமண் லேசில் படியாது, ஓடை வரைக்கும் கலங்கலாகவே போகும்.

இப்போது குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டோம். வெட்டிய சரிவில் தென்னைநார் வலை விரித்து முளையடித்திருக்கிறோம். அதன் இடுக்கில் புல் வளர்ந்து வேர் பிடித்த பிறகு வலை மெல்ல மக்கிவிடும், அகற்ற வேண்டியதில்லை. மேலிருந்து வரும் தண்ணீர் மனைக்குள் நுழையாமல் சுற்றிப் போக ஒரு வாய்க்கால். அடியில் ஒரு குழி. நீர் அதில் தேங்கி, வண்டலை விட்டுவிட்டுத்தான் வெளியேறும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் குழியைத் தூர்வார வேண்டும், இதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. மலையில் வீடு கட்டுகிறவர்களே, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே சரிவு வெட்டும் வேலையை முடித்துவிடுங்கள். ஐப்பசியில் ஆரம்பிக்காதீர்கள், தயவுசெய்து.