டொர்னாடோவின் அடியில் எதைத் தொங்கவிடுவது? – 1/48 வளைகுடாப் போர் விமானம், ஆயுதப் பகுதி

நிஜத்தைவிட 48 மடங்கு சிறிய என் பிளாஸ்டிக் மாடல் விமானத்தின் உடல் வேலை முடிந்துவிட்டது. டெசர்ட் பிங்க் என்ற பாலைவன நிறம் அடித்தாயிற்று, பளபளப்பு வார்னிஷ் காய்ந்தாயிற்று. இனி இந்த டொர்னாடோ ஜிஆர்-1 என்ற பிரிட்டிஷ் தாக்குதல் விமானம் எதைச் சுமந்து நிற்கப் போகிறது என்று முடிவு செய்ய வேண்டும். எனக்கு இந்தப் பொழுதுபோக்கிலேயே மிகவும் பிடித்த கட்டம் இதுதான். காக்பிட்டுக்கும் பெயிண்டுக்கும் மாதக்கணக்கில் உழைக்கிற நண்பர்கள் பலர், ஆயுதங்கள் என்று வந்ததும் பெட்டியில் இருக்கிறதையெல்லாம் பைலன் (ஆயுதத்தை மாட்டும் தாங்கி) காலியாக இல்லாமல் மாட்டிவிடுகிறார்கள். பார்க்கக் கனமாக இருக்கும், உண்மைதான். ஆனால் அப்படி ஒரு விமானம் எந்த நாளிலும் எந்தத் தளத்திலிருந்தும் கிளம்பியிருக்காது. எந்தத் தேதி, என்ன வேலை, எவ்வளவு எடை என்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்தான் பைலனில் தொங்குகிறது. அதனால் நான் தேதியிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

இந்த முறை தேதியை முடிவு செய்தது டெக்கால் தாள், அதாவது மாடலில் ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட தாள். நான் தேர்ந்தெடுத்த விமானத்துக்கு மூக்கில் ஓவியம் உண்டு, காக்பிட்டுக்குக் கீழே வரிசை வரிசையாகக் குண்டுக் குறிகள் உண்டு. ஒரு குறி என்றால் முடிந்துபோன ஒரு தாக்குதல். போர் தொடங்கியது 1991 ஜனவரி 17, முடிந்தது பிப்ரவரி 28. இத்தனை குறிகள் சேர்ந்திருக்கிறதென்றால் இது பிப்ரவரிப் பிற்பகுதி விமானம். இங்கேதான் கிட் பெட்டி ஆசை காட்டுகிறது. பாகங்கள் வார்த்து வரும் சட்டமான ஸ்பிரூவில் பெரிதாக, அழகாக, இரண்டு ஜேபி-233 இருக்கின்றன. டொர்னாடோ என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது அந்த இரட்டைப் பெட்டிகள்தான். வயிற்றை ஏறக்குறைய முழுவதும் மறைத்துக்கொண்டு, தரையிலிருந்து கொஞ்சம் இடைவெளி மட்டும் விட்டு நிற்கும்.

ஜேபி-233 ஓடுதளத்தை உடைக்கிற ஆயுதம். ஒவ்வொன்றிலும் ஓடுதளத்தைக் குழியாக்கும் குண்டுகள் 30, சரிசெய்ய வருகிறவர்களைத் தடுக்கும் கண்ணிவெடிகள் 215. இதைப் போட வேண்டுமென்றால் எதிரியின் விமானதளத்துக்கு மேலே மிகத் தாழ்வாக, நேர்கோட்டில், ஆடாமல் பறக்க வேண்டும். போரின் முதல் சில இரவுகளில் பிரிட்டிஷ் விமானப்படை அதைத்தான் செய்தது. முதல் வாரத்திலேயே சில டொர்னாடோக்கள் வீழ்ந்தன. ஈராக்கிய விமானப்படையும் பெரிதாக மேலே எழும்பவில்லை, ஆக ஓடுதளத்தை உடைக்கும் தேவையும் குறைந்தது. அதற்குப் பிறகு தாழ்வான தாக்குதலை நிறுத்திவிட்டு, பீரங்கிகள் எட்டாத நடுத்தர உயரத்துக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து ஜேபி-233-ஐ வீசவே முடியாது. ஆக, மூக்கோவியமும் நீளமான குறி வரிசையும் உள்ள விமானத்தின் அடியில் ஜேபி-233 இருக்க வாய்ப்பில்லை. ஒரே பெட்டிக்குள் இரண்டும் வருகின்றன என்பதற்காக இரண்டும் ஒரே விமானத்தில் சேர்ந்துவிடாது.

முதல் நாளிலும் எல்லா டொர்னாடோவும் ஜேபி-233 சுமக்கவில்லை. சில விமானங்கள் எட்டு 1000 பவுண்டு குண்டுகளோடு போய், தாழ்வாக வந்து மேல்நோக்கி எழும்பி எறிகிற முறையில் தாக்கின. எனவே ஜனவரி 17 என்று தேதியை மட்டும் எழுதிக்கொண்டால் போதாது, அந்தக் குறிப்பிட்ட விமானத்துக்கு அன்று என்ன வேலை என்பதும் தெரிய வேண்டும்.

நடுத்தர உயரத்துக்குப் போனதும் முதலில் வழிகாட்டி இல்லாத சாதாரண 1000 பவுண்டு குண்டுகள்தான். குறி சரியாக விழவில்லை. அப்புறம் பக்கனீர் என்ற இன்னொரு வகை பிரிட்டிஷ் தாக்குதல் விமானங்கள் வந்து சேர்ந்தன. அவற்றில் பேவ் ஸ்பைக் என்ற லேசர் பாட் (விமானத்தின் அடியில் மாட்டும் கருவிக்கூடு) இருந்தது. டொர்னாடோ பேவ்வே-2 லேசர் குண்டைச் சுமக்கும், பக்கனீர் இலக்கின் மேல் லேசரைக் காட்டும். பிப்ரவரி தொடக்கத்தில் பாலங்களில் ஆரம்பித்தது இந்த ஏற்பாடு. பேவ் ஸ்பைக் பகலில் மட்டும் வேலை செய்யும் கருவி, அதனால் அந்தத் தாக்குதல்கள் பகலில் நடந்தன. கொஞ்ச நாளில் டயல்ட் என்ற புதிய லேசர் பாட் சவூதி அரேபியாவின் தபூக் தளத்தில் டொர்னாடோவுக்கே வந்தது. அது இரவிலும் பார்க்கும். ஆறே வாரப் போரில், ஒரே விமான வகையின் அடியில் எத்தனை மாற்றம் பாருங்கள். இந்த விமானத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு எனக்கு அதுவே காரணம்.

என்னுடைய விமானம் பஹ்ரைனின் முஹரக் தளத்திலிருந்து பறந்தது, அதனால் டயல்ட் கிடையாது. வயிற்றின் இரண்டு தோள் பைலன்களில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பேவ்வே-2 குண்டுகள். லேசர் காட்ட அதற்கென்று சொந்தமாக ஒன்றும் இல்லை. அதாவது இந்தச் சுமை முழுமையாகப் புரிய வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு பக்கனீர் நிற்க வேண்டும். அலமாரியில் அதற்கு இடம் ஒதுக்கிவிட்டேன்.

இறக்கைகளைப் பொறுத்தவரை குழப்பம் குறைவு. வெளிப் பைலன்களில் இடப்பக்கம் ஸ்கை ஷேடோ மின்னணுத் தடுப்புப் பாட், வலப்பக்கம் ரேடாரை ஏமாற்றும் பொய்த்தூள் வீசும் பாஸ்-107. இரண்டும் ஒரே மாதிரி நீளமாக இருப்பதால் பக்கம் மாறிப் பொருத்திய மாடல்களை நிறையப் பார்க்கலாம்; கிட் வரைபடத்தை நம்பாமல், முன்னாலிருந்து எடுத்த புகைப்படத்தில் இடம் வலம் சரிபார்த்துக்கொள்வது நல்லது. உள் பைலன்களில் எரிபொருள் தொட்டிகள். வழக்கமான தொட்டி 1500 லிட்டர். வளைகுடாவில் தொங்கியது டொர்னாடோவின் இடைமறிப்பு வகைக்காகச் செய்த 2250 லிட்டர் பெரிய தொட்டி. விமானப்படையினர் அதை 'ஹிண்டன்பர்கர்' என்று அழைத்தார்கள். கிட்டில் இரண்டும் இருந்தால் பெரியதை எடுங்கள், சின்னதாக இருந்தால் வளைகுடா டொர்னாடோவின் தோற்றமே வராது. அதே பைலனின் தோளில் ஒரு ஏஐஎம்-9எல் சைடுவைண்டர், எதிரி விமானத்தைத் தாக்கும் ஏவுகணை.

இனி கைவேலை. அதிக நேரம் பிடித்தது பேவ்வே-2 குண்டுகள்தான். கிட்டில் அவற்றின் பின்சிறகுகள் முழுதாக விரிந்த நிலையில் வார்க்கப்பட்டிருக்கின்றன. பேவ்வே-2-இன் சிறப்பே அந்தச் சிறகுகள் மடங்கியிருக்கும் என்பதுதான். பைலனில் தொங்கும்போது உள்ளே இருக்கும், விழ ஆரம்பித்த பிறகுதான் வெளியே நீளும். இதற்கு முந்தைய பேவ்வே-1-க்குச் சிறகுகள் நிலையானவை, வியட்நாம் போர்க்கால ஃபான்டம் விமானத்தில் விரிந்த சிறகு சரி. 1991 டொர்னாடோவில் சரியில்லை. ஆகவே நீளும் பகுதியை மெல்லிய ரம்பத்தால் வெட்டி எடுத்தேன். வெட்டிய விளிம்பை உப்புத்தாளில் சீராக்கி, உறையிலிருந்து வெளியே தெரிகிற சிறு விளிம்புகளை மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் செய்து ஒட்டினேன். வேலை பொடியானது, ஆனால் குண்டின் தோற்றமே மாறிவிடுகிறது. பின்பக்கம் ஒல்லியாகி, உண்மையில் இறுக்கமாகக் கட்டிய பொருள் மாதிரி தெரிகிறது.

முன்பக்கம் இருக்கும் நான்கு சின்ன சிறகுகளும் வால் துடுப்புகளும் தடிமனாக இருந்தன. அளந்து பார்த்தால் அரை மில்லிமீட்டர். 48-ஆல் பெருக்குங்கள்: 24 மில்லிமீட்டர், அதாவது நிஜத்தில் ஓர் அங்குலத் தகடு. எந்தக் குண்டுக்கும் அப்படித் துடுப்பு இல்லை. முழுத் துடுப்பையும் தேய்க்க வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரிவது விளிம்புதான். ஓரங்களைச் சாய்வாகத் தேய்த்துக் கூராக்கினால் போதும். சைடுவைண்டரின் சிறகுகளுக்கும் இதையே செய்தேன். எல் வகையின் முன்சிறகு இரண்டு கோணமாக உடைந்து போகும் வடிவம். தேய்க்கிற அவசரத்தில் அந்த உடைவு மழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பழைய வகைகளிலிருந்து எல்-ஐப் பிரித்துக் காட்டுவதே அதுதான். பின்சிறகு நுனிகளில் இருக்கும் சின்னப் பல்சக்கரங்களை ஊசி முனையால் கொஞ்சம் ஆழப்படுத்தினேன்.

பேவ்வேயின் மூக்கில் வளையத்தோடு இருக்கும் சின்னத் தலைதான் லேசர் ஒளியைத் தேடுகிறது. அது காற்றின் போக்குக்கு ஏற்ப அசையும் மாதிரி இணைக்கப்பட்டது. தரையில் காற்று இல்லாததால் படங்களில் இந்தத் தலை சற்றுத் தொங்கியபடி தெரியும். வெட்டி, பித்தளைக் கம்பி ஒன்றை நுழைத்து, மிகச் சிறிய சாய்வு கொடுத்து மறுபடி ஒட்டினேன். இரண்டு குண்டுக்கும் ஒரே அளவு சாய்வு கொடுக்காதீர்கள், செய்துவைத்தது மாதிரி தெரியும்.

நிறத்தில் ஒரு பொதுவான அடிப்படை இருக்கிறது, அது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். மஞ்சள் பட்டை என்றால் வெடிமருந்து, பழுப்புப் பட்டை என்றால் ராக்கெட் மோட்டார், நீலம் என்றால் வெடிக்காத பயிற்சிப் பொருள். போர்க்கால விமானத்தில் நீல உடல் சைடுவைண்டரைத் தொங்கவிட்டால், நிறம் படிக்கத் தெரிந்தவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். என் சைடுவைண்டர்களுக்கு வெடிமுனையில் மஞ்சள், மோட்டாரில் பழுப்பு. குண்டுகளுக்கு ஆழ்ந்த பச்சை, மூக்கருகே மஞ்சள் பட்டை. பட்டைக்கு டெக்கால் பயன்படுத்தவில்லை, வளைவில் சுருங்கும். முதலில் வெள்ளை பிரைமர், அதன்மேல் மஞ்சள், பிறகு 1 மில்லிமீட்டர் மாஸ்கிங் டேப்பைச் சுற்றி ஒட்டி, மேலே பச்சை. டேப்பை உரித்தால் கத்தியால் வெட்டியது போல் பட்டை நிற்கும். இந்த அளவில் 1 மில்லிமீட்டர் என்பது கிட்டத்தட்ட ஐந்து சென்டிமீட்டர், பொருத்தமாகவே இருக்கிறது.

இதையே அமெரிக்கக் கடற்படை விமானத்தில் செய்வீர்களானால் கதை வேறு. 1967 ஜூலை 29 அன்று ஃபாரஸ்டல் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் தவறுதலாகப் பாய்ந்த ஒரு ராக்கெட்டால் தீப்பிடித்து, குண்டுகள் வெந்து வெடித்து, 134 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கடற்படை தன் குண்டுகளுக்கு வெப்பத்தைத் தாங்கும் பூச்சு கொடுக்க ஆரம்பித்தது. அந்தப் பூச்சு கரடுமுரடாகத் தெரியும், அடையாளத்துக்கு மஞ்சள் பட்டை ஒன்றுக்குப் பதில் இரண்டு. பூச்சில்லாத விமானப்படைக் குண்டு வழவழப்பு, ஒரே பட்டை. ஒரே எம்கே-82 குண்டு, இரண்டு முகம். கடற்படைக் குண்டுக்கு நான் தடிமனான பிரைமரைப் பாதி காய்ந்த நிலையில் தட்டையான தூரிகையால் குத்திக் குத்தி அந்தச் சொரசொரப்பைக் கொண்டுவருவேன். அத்தனை உயிர்கள் போன பிறகு வந்த ஒரு மாற்றம் அது. மாடலிலும் அது இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுமக்க முடியும் என்பதும் சுமந்தார்கள் என்பதும் வேறு வேறு. அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 டாம்கேட் ஆறு ஃபீனிக்ஸ் ஏவுகணைகளைத் தூக்கும்; ஒவ்வொன்றும் ஏறக்குறைய 450 கிலோ. ஆறையும் பயன்படுத்தாமல் திருப்பிக் கொண்டுவந்தால் கப்பலில் இறங்க முடியாத எடை. ஆகவே அன்றாடப் பணியில் ஆறு என்பது கிடையாது. விளம்பரப் படத்தில் இருப்பதைப் பார்த்து மாட்டும் முன் திரும்பி வருகிற எடையையும் யோசிக்க வேண்டும். என் டொர்னாடோவில் எடை வேறொரு இடத்தில் தெரிய வேண்டியிருந்தது: சக்கரக் கால்களில். கிட்டில் கால்கள் காலி விமானத்துக்கு ஏற்ப நீண்டு நிற்கின்றன. இரண்டு பெரிய தொட்டி நிறைய எரிபொருள், இரண்டு குண்டு என்றால் கால் அமுங்கும். ஒலியோவின் (காலில் அதிர்வைத் தாங்கும் தண்டு) பளபளக்கும் பகுதியைக் கொஞ்சம் வெட்டிக் குறைத்தேன், கத்தரி மூட்டையும் அதற்கேற்ப மடக்கி ஒட்டினேன். டயர்களின் அடியைத் தேய்த்துத் தட்டையாக்கினேன். வேறெதையும் தொடாமல் இதை மட்டும் செய்தாலே குண்டுகளுக்குக் கனம் வந்துவிடுகிறது.

பொருத்தும்போது பசையை மட்டும் நம்புவதில்லை. ஒவ்வொரு பைலனிலும் குண்டிலும் 0.8 மில்லிமீட்டர் துளை, நடுவில் பித்தளைக் கம்பி. குண்டின் அச்சு விமான உடலின் நீளக்கோட்டுக்கு இணையாக இருக்கிறதா என்று முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்துத்தான் கடைசியாகப் பசை. டொர்னாடோவில் இன்னொரு விஷயம்: இறக்கை 25 பாகையிலிருந்து 67 பாகை வரை பின்னால் மடங்கும்போது பைலன்கள் தாமே திரும்பி, சுமை எப்போதும் நேர்முன்னால் பார்க்கும். நான் இறக்கையை முழுதும் முன்னால் வைத்திருக்கிறேன். மடக்கி வைக்கிறவர்கள் பைலனைத் திருப்ப மறக்க வேண்டாம்.

இன்று வரை குண்டுகளும் சைடுவைண்டர்களும் பெயிண்ட் முடிந்து காய்கின்றன, தொட்டிகள் பொருத்தியாயிற்று. பாக்கி இருப்பது பறக்கும் முன் கழற்றிவிடும் சிவப்புப் பாதுகாப்புப் பட்டிகள். காக்பிட் திறந்து, ஏணி சாய்த்து, விமானிகள் ஏறப் போகிற நிலையில் காட்டுவதால் பட்டிகள் இருக்கலாம். ஓடுதளத்தில் நகர்கிற விமானமாகக் காட்டியிருந்தால் ஒன்றுகூட இருக்கக் கூடாது. மெல்லிய ஈயத்தகட்டில் வெட்டிக்கொண்டிருக்கிறேன், காகிதத்தைவிட இயல்பாக வளைகிறது. ஜேபி-233 இரண்டையும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். அவை அடுத்த டொர்னாடோவுக்கு: ஜனவரி 17 இரவு, மூக்கில் ஓவியம் இல்லை, ஒரு குறிகூட இல்லை. அதற்கு முன்னால் பக்கனீர் கிட் வர வேண்டும்.