மூணு ஜார் வைக்கோல் தண்ணி: யாரு வந்தாங்க, யாரு வரவே இல்ல

மைக்ரோஸ்கோப் கையில வந்தவங்க எல்லாரும் ஒரு தடவையாச்சும் பண்றதுதான், வைக்கோலை தண்ணில ஊறப்போட்டு என்னென்ன உயிர் வருதுன்னு பாக்கறது. நான் அதையே கொஞ்சம் மாத்தி மூணு ஜாரா வச்சேன். முதல் ஜார்ல வைக்கோலை தண்ணியோட சேத்து நல்லா கொதிக்க வச்சு ஆறவிட்டு துணி கட்டியாச்சு. ரெண்டாவதுல தண்ணிய மட்டும் கொதிக்க வச்சு, ஆறினப்புறம் காஞ்ச வைக்கோலை அப்படியே போட்டேன். மூணாவது முதல் ஜார் மாதிரியேதான், ஆனா ஆறினதும் ஒரு ஃபில்லர் குளத்துத் தண்ணி விட்டேன். மூணும் ஒரே ஜன்னல் பக்கம், நேர் வெயில் படாத இடம்.

சக்ஸஷன்னா ஒரு கூட்டம் போய் இன்னொரு கூட்டம் வர்றதுன்னு எல்லாரும் படிச்சதுதான். வர்றவங்க எங்கிருந்து வர்றாங்க, ஏன் அந்த நேரத்துல வர்றாங்க, இதுதான் என் கேள்வி.

ஆரம்பத்துல மூணு ஜாரும் ஒரே கதைதான், தண்ணி கலங்கிச்சு, நாத்தம் வந்துச்சு, மேல ஏடு கட்டிச்சு. கொதிக்க வச்சதுலயும் எப்படி ஏடுன்னா, அது பேசில்லஸ் சப்டிலிஸ் மாதிரி பாக்டீரியா வேலை, அதோட ஸ்போர் (கெட்டியான ஓட்டுக்குள்ள தூங்கற வடிவம்) கொதிக்கிற தண்ணியையும் தாங்கிடும், இதை 1870கள்லயே ஜெர்மன் விஞ்ஞானி ஃபெர்டினாண்ட் கோன் காட்டிட்டார். முதல் ஜார்ல அதுக்கப்புறமும் ரொம்ப நாளைக்கு பாக்டீரியாவைத் தவிர எதுவுமே கண்ணுல படல, அதனால அதைப் பத்தி இதோட விட்டுடறேன்.

ரெண்டாவது ஜார்லதான் முதல் சுவாரஸ்யம். பாக்டீரியா பெருகின உடனே துறுதுறுன்னு ஓடற குட்டி ஃப்ளாஜெல்லேட் (சாட்டை மாதிரி வால் வச்ச ஒத்தை செல் உயிர்), அதுங்க பின்னாடியே கோல்போடா, உடம்புல ரோமம் வச்ச ஒத்தை செல் உயிர். கிட்னி ஷேப், ஒரு பக்கம் உள்ள குழிஞ்சிருக்கும், அந்தக் குழிலதான் வாய். இது காஞ்ச வைக்கோல்லயே சிஸ்ட்டா, அதாவது தன்னைச் சுத்தி ஒரு கூடு கட்டி தூங்கிக்கிட்டு, ஒட்டிக்கிட்டு இருக்கும், ஈரம் பட்டதும் வெளிய வந்துரும். ஒரு சொட்டுல சின்ன உருண்டைக்குள்ள நாலு குட்டி சுத்திட்டு இருந்தது தெரிஞ்சுது, கோல்போடா சிஸ்ட்டுக்குள்ள இருந்துக்கிட்டே பிரியும்னு படிச்சது கண்ணு முன்னாடி நடந்துச்சு. ஆனா இந்த ஜார்ல பாரமீசியம் (செருப்பு ஷேப்ல ரோமத்தால நீந்தற ஒத்தை செல் உயிர்) கடைசி வரைக்கும் ஒண்ணு கூட வரல.

மூணாவது ஜார்தான் திருவிழா. ஃப்ளாஜெல்லேட், கோல்போடா, அப்புறம் அடியில மக்கின துணுக்கு மேல தடிச்ச ரோமத்தை காலா வச்சு நடக்கற ஹைப்போட்ரிக், அப்புறம் பாரமீசியம் பாரமீசியம் பாரமீசியம். உச்சத்துல இருந்தப்போ லென்ஸ் இல்லாமலே, கறுப்பு பேப்பரை பின்னாடி பிடிச்சா ஏட்டுக்கு கொஞ்சம் கீழ வெள்ளையா தூசி மாதிரி ஒரு பட்டை தெரிஞ்சுது, அவ்ளோ கூட்டம். அதே நேரத்துல அடியில இருந்து எடுத்த சொட்டுல கிட்டத்தட்ட காலி, பாக்டீரியா அங்க இருக்கற ஆக்சிஜனை எல்லாம் தின்னு தீத்துடுது, அதான் எல்லாம் மேல ஏறி நிக்குது. அதனால ஒரே இடத்துல சொட்டு எடுத்து எண்ணிட்டு ஜார்ல இவ்ளோ இருக்குன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல, மேல நடு அடி மூணுலயும் எடுக்கணும்.

எண்ணறதுதான் பெரிய தலைவலி, ஓடிக்கிட்டே இருக்கும். சொட்டு ஓரத்துல துளி அயோடின் வச்சா செத்து நின்னுடும், எண்ணிக்கலாம். உயிரோட பாக்கணும்னா பஞ்சுல ரெண்டு நார் பிரிச்சு போட்டா அதுக்குள்ள மாட்டிக்கிட்டு மெதுவாகும். எண்ணினதை கிராஃப் போட்டா முதல் பாதி புக்ல இருக்கற எஸ் வளைவு மாதிரியே ஏறுது, ஆனா மேல போய் சமமா நிக்கல, செங்குத்தா கீழ விழுந்துச்சு. 1930கள்ல ரஷ்ய விஞ்ஞானி காஸ் பாரமீசியத்தை வச்சு பண்ணினதுல ஏன் சமமா நின்னுச்சுன்னா அவர் தினமும் பழைய திரவத்தை மாத்தி புதுசா பாக்டீரியா குடுத்தார். என் ஜார்ல யாரும் சாப்பாடு போடறதில்ல, இருக்கறத தின்னா காலி. கழிவும் அங்கயே சேருது, பாரமீசியம் விடற கழிவே அது பெருகறதை குறைக்கும்னு அமெரிக்க விஞ்ஞானி வுட்ரஃப் 1911-லயே எழுதியிருக்கார். அதே வுட்ரஃப் 1912-ல வைக்கோல் ஊறல்ல வர்ற வரிசையையும் சொன்னார், ஃப்ளாஜெல்லேட், கோல்போடா, ஹைப்போட்ரிக், பாரமீசியம், காம்புல ஒட்டி நிக்கற வோர்டிசெல்லான்னு போகும். எனக்கும் ஏறக்குறைய அதே வரிசைதான், ஆனா ஹைப்போட்ரிக்கும் பாரமீசியமும் பாதிக்கு மேல ஒண்ணாவே இருந்துச்சு, ஒருத்தர் எழுந்து போனப்புறம்தான் அடுத்தவர் உக்காருவார்ங்கறது எல்லாம் படத்துல மட்டும்தான்.

இப்ப ரெண்டாவது ஜார் விஷயம். பாரமீசியம் வராததுக்கு தண்ணி சரியில்லாதது காரணமா, இல்ல வர வழியே இல்லாததா? அதுல கொஞ்சம் தனியா ஒரு கிளாஸ்ல ஊத்தி மூணாவது ஜார்ல இருந்து ஒரு சொட்டு விட்டேன். பிச்சிக்கிட்டு பெருகிச்சு. சாப்பாடு எல்லாம் தயாரா இருந்திருக்கு, ஆள்தான் வந்து சேரல. கோல்போடா மாதிரி காய்ஞ்சு கிடந்து பொழைக்கற சிஸ்ட் பாரமீசியத்துக்கு கிடையாது, அது தண்ணியோடதான் வரணும். எந்த நேரத்துல யாரு பெருகறாங்கங்கறதை சாப்பாடும் ஆக்சிஜனும் முடிவு பண்ணுது, ஆனா போட்டியில யாரெல்லாம் இருக்காங்கங்கறது முதல் நாளே முடிஞ்சு போன விஷயம். எனக்கு இந்த மொத்த வேலையில பிடிச்சது இதுதான்.

அப்புறம் குளத்துத் தண்ணி மறுபடி எடுத்ததுல பாரமீசியத்தை வேட்டையாடற டிடினியம் கிடைச்சுது, பீப்பா மாதிரி உடம்பு, சுத்தி ரெண்டு வரிசை ரோமம், முன்னாடி கூர் மூக்கு. பாரமீசியம் கிளாஸ்ல விட்டேன். மூக்கு பட்ட இடத்துல பாரமீசியம் அப்படியே மாட்டிக்குது, தன்னைவிட நீளமானதை மடக்கி உள்ள தள்ளிட்டு உப்பிப்போய் உருண்டையா நிக்குது. சில நாள்ல கிளாஸ் காலி, டிடினியமும் பசில குறைஞ்சு மிச்சம் சிஸ்ட் ஆயிடுச்சு. காஸுக்கும் இதேதான், இரை ஒளிய இடமில்லாத டியூப்ல ரெண்டு பேரும் அழிஞ்சாங்க, அடியில வண்டல் போட்டதுல ஒளிஞ்ச பாரமீசியம் பொழைச்சுது.

அடுத்து மூணாவது ஜாரை ரெண்டா பிரிக்கப்போறேன். இப்ப அதுல நாத்தம் போய், பச்சை பாசி ஓரத்துல படிய, ரோட்டிஃபரும் (பல செல் உள்ள குட்டி விலங்கு) சுருள் காம்பை சட்டுன்னு இழுத்துக்கற வோர்டிசெல்லாவும்தான் அதிகம். ஒரு பாதி ஜன்னல்லயே, இன்னொண்ணு அலமாரிக்குள்ள இருட்டுல. பாசி இல்லாத பாதி மறுபடி பாக்டீரியா கூட்டமா ஆகுதா, இல்ல மொத்தமா அடங்கிடுதான்னு எண்ணிப் பாக்கணும். டிடினியம் சிஸ்ட்டை இதுல கலக்காம தனியா மூடி வச்சிருக்கேன்.