முகம் தெரியாத குதிரைக்காரர்: 1999 டெலவேர் கால் டாலர்

அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வரும் சொந்தக்காரர்கள் மேசை டிராயரில் விட்டுப்போகும் சில்லறையைக் கிளறினால், குதிரை போட்ட குவார்ட்டர் ஒன்று கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. (சென்னையில் குவார்ட்டர் என்றால் வேறு பொருள் என்பதால் இனி கால் டாலர்.) ஒரு பக்கம் வாஷிங்டன் தலை, மறுபக்கம் நாலுகால் பாய்ச்சலில் ஒரு குதிரை, மேலே ஒரு ஆள்.

பலரும் அவரை பால் ரெவியர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவிலேயே இந்தக் குழப்பம் உண்டு. ரெவியர் மாசசூசெட்ஸ்காரர், 1775-ல் பிரிட்டிஷ் படை வருகிறது என்று எச்சரிக்கக் குதிரையில் விரைந்தவர். இவர் சீசர் ராட்னி, டெலவேர் சட்டசபையில் சபாநாயகராக இருந்தவர், 1776-ல் சுதந்திர ஓட்டுப் போடப் பிலடெல்பியாவுக்குக் குதிரையில் விரைந்தார் என்ற கதைக்குப் பேர்போனவர். பெயர் காசிலேயே இருக்கிறது, யாரும் படிப்பதில்லை.

காசில் இரண்டு வருடங்கள் இருக்கும். கீழே உள்ள 1999, அச்சிட்ட வருடம். மேலே உள்ள 1787, டெலவேர் எல்லா மாநிலங்களுக்கும் முந்தி அரசியல் சாசனத்தை ஏற்ற வருடம், டிசம்பர் 7. மாநிலத்துக்கு ஒன்றாக வெளியிட்ட காசுகள் சாசனத்தை ஏற்ற வரிசைப்படி வந்ததால்தான் டெலவேர் முதல் காசு. ஆனால் ராட்னி 1784-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, 1787 அவருடைய வருடமே இல்லை. முகமும் அவருடையது இல்லை. அவர் உயிரோடு இருந்தபோது வரைந்த படம் ஒன்றுகூடக் கிடையாது.

படம் இல்லாததற்கு அவருடைய நோயும் ஒரு காரணமாக இருக்கலாம். மூக்குப் பக்கம் தொடங்கிய புற்றுநோய். 1768-ல் பிலடெல்பியா மருத்துவர்களிடம் போனார். செலவும் வலியும்தான் மிச்சம், நோய் போகவில்லை. முகத்தைப் பச்சைப் பட்டுத்துணியால் மறைத்துக்கொண்டு நடமாடினார் என்பார்கள். போதாததற்கு ஆஸ்துமா. 1774-ல் அவரை முதல்முறை பார்த்த, பின்னாளில் ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ், உலகத்திலேயே விசித்திரமான தோற்றம் கொண்ட ஆள், நாணல் போல ஒல்லி, முகம் ஒரு பெரிய ஆப்பிள் அளவுதான், ஆனால் அதில் அறிவும் நகைச்சுவையும் இருக்கிறது என்ற பொருளில் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அவர் தோற்றத்தைப் பற்றி நமக்குக் கிடைத்திருப்பதில் இதைவிட நம்பகமானது எதுவும் இல்லை.

பிறந்தது 1728 அக்டோபர் 7, டோவர் ஊருக்குக் கிழக்கே பைஃபீல்ட் என்ற குடும்பப் பண்ணையில். அடிமைகளின் உழைப்பில் நடந்த பண்ணை அது. சட்டசபையில் அடிமை இறக்குமதியைத் தடுக்க முயன்றவரும் இவரே, முயற்சி தோற்றது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். வில்மிங்டனில் 1923-ல் வைத்த அவருடைய குதிரைச் சிலையை 2020 ஜூனில் இறக்கிவைத்ததற்கு முதல் விஷயமே காரணம்.

பதவிகள்: 1755-ல் கென்ட் கவுன்டி (நம்ம மாவட்டம் மாதிரி) ஷெரிப், பிறகு சட்டசபை உறுப்பினர், சபாநாயகர். 1776 ஜூன் 15-ல் பிரிட்டிஷ் அரசோடு உறவை அறுத்துக்கொள்ளும் தீர்மானம் அவர் தலைமையில்தான் நிறைவேறியது. குதிரைக் கதைக்கு இரண்டரை வாரம் முன்பே நடந்தது இது. காசில் இதற்கு இடமில்லை, மேசை முன்னால் உட்கார்ந்திருக்கும் சபாநாயகர் குதிரை மாதிரி எடுப்பாக இருக்கமாட்டார்.

குதிரைக் கதைக்குக் கணக்கு தெரிய வேண்டும். காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய பிலடெல்பியா காங்கிரஸில் ஒவ்வொரு காலனிக்கும் ஒரே ஓட்டு. டெலவேருக்கு மூன்று பிரதிநிதிகள், இரண்டு பேர் சேர்ந்தால்தான் அந்த ஓட்டு விழும். ஜூலை 1-ம் தேதி தாமஸ் மெக்கீன் சுதந்திரத்துக்கு ஆதரவு, ஜார்ஜ் ரீட் எதிர்ப்பு, ராட்னி ஊரில். ஓட்டு செல்லாமல் போனது. அன்று ஒன்பது காலனிகள் ஆதரவு, பென்சில்வேனியாவும் தென் கரோலினாவும் எதிர்ப்பு, நியூயார்க் ஒதுங்கல். மெக்கீன் ஆள் அனுப்பினார். மறுநாள் ராட்னி வந்து சேர, பென்சில்வேனியாவும் தென் கரோலினாவும் மாற, கணக்கு 12-0. நியூயார்க் அன்றும் ஒதுங்கியே நின்றது.

டோவரிலிருந்து பிலடெல்பியா சுமார் 80 மைல். சென்னையிலிருந்து திண்டிவனம் தாண்டிப் போகிற தூரம். காசில் இருப்பது போல முழுப் பாய்ச்சலில் எந்தக் குதிரையும் இவ்வளவு தூரம் ஓடாது. நிதானமான ஓட்டத்தில் மணிக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்தாலே நிற்காமல் பதினோரு மணி நேரம் ஆகும். அதோடு மழை, சேறு, ஆறு கடக்கக் காத்திருப்பு. வழியில் குதிரை மாற்றாமல் முடியாது. ஜூலை 4-ம் தேதி தம்பி தாமஸுக்கு எழுதிய கடிதத்தில், இடி மழையால் தாமதமானாலும் சரியான நேரத்துக்கு வந்துவிட்டேன் என்று மட்டும் சொல்கிறார். குதிரை என்ற பேச்சே இல்லை. வண்டியில் வந்திருக்கலாம் என்று வாதிடுபவர்களுக்கு அதுதான் பிடி. பூட்ஸும் குதிமுள்ளுமாக வாசலில் இறங்கினார் என்பது மெக்கீன் பல வருடம் கழித்து நினைவிலிருந்து சொன்னது.

அதற்குக் கிடைத்த பரிசு தோல்வி. டெலவேருக்குப் புது சாசனம் எழுதக் கூடிய மாநாட்டுக்குக் கென்ட் வாக்காளர்கள் அவரை அனுப்பவில்லை. 1778-ல் திரும்பி வந்து மாநிலத்தின் பிரசிடென்ட் ஆனார். இன்றைய கவர்னர் பதவிதான், அப்போது பெயர் அப்படி. மூன்று வருடத்துக்கு மேல் தொடர அந்தச் சாசனம் விடாது, 1781-ல் இறங்கினார்.

பிறகு மேலவை. கவுன்டிக்கு மூன்று பேராக மொத்தமே ஒன்பது உறுப்பினர்கள், அதற்கு இவர் சபாநாயகர். 1784-ல் அவரால் நகர முடியவில்லை, அவை அவர் வீட்டுக்கு வந்து கூடியது. நம்ம ஊர் மேலவை 1986-ல் போய்விட்டதால் இந்தக் காட்சியைக் கற்பனை செய்வது கொஞ்சம் கஷ்டம்: ஒரு வீட்டுக் கூடம், எட்டுப் பேர், முகத்தை மறைத்தபடி ஒன்பதாவது ஆள். ஜூன் 26-ல் இறந்தார், வயது 55.

பண்ணையில் அடையாளம் இல்லாமல் புதைத்தார்கள். நூறு வருடம் கழித்து, 1880-களின் கடைசியில், எலும்புகளைத் தோண்டி டோவர் கிறிஸ்து தேவாலயத்துக்குக் கொண்டுபோய்க் கல் நட்டார்கள். அது குடும்பத்தில் வேறு யாருடையதோ, ராட்னி இன்னும் பண்ணை மண்ணில்தான் இருக்கிறார் என்பதே இன்றைய பொதுக்கருத்து. அடையாளம் வைக்காமல் புதைத்தால் இதுதான் ஆகும்.

காசுக்கு வருவோம். விட்டம் 24.26 மில்லிமீட்டர், எடை 5.67 கிராம், காந்தம் ஒட்டாது, விளிம்பில் செம்புக் கோடு தெரியும். கோடு இல்லாமல் 6.25 கிராம் காட்டினால் அது சேகரிப்பாளர்களுக்காக அடித்த வெள்ளிக்காசு. வாஷிங்டன் பக்கத்தில், அடித்த ஆலையைக் காட்டும் எஸ் எழுத்தும் இருக்க வேண்டும். பி, டி எழுத்துள்ள சாதாரணக் காசுகள் இரண்டும் சேர்த்து 77 கோடிக்கு மேல். புழங்கிய காசை அபூர்வம் என்று யாராவது ஆயிரங்களில் விலை சொன்னால் நடையைக் கட்டுங்கள். புளி, விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள், பளபளப்பு வரும், மதிப்பு போகும். கடற்காற்று ஊரில் மலிவான பிவிசி உறையில் வைத்தால் பச்சைப் பிசுக்கு பிடிக்கும், அட்டை ஹோல்டரும் ஒரு சிலிக்கா பாக்கெட்டும் போதும்.

தேடிப்பார்க்க ஒன்று உண்டு. சில காசுகளில், காசு அடிக்கும் அச்சு விரிசல் விட்டதால் குதிரை வாயிலிருந்து எச்சில் துப்புவது போல ஒரு கோடு இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்து லென்ஸில் பாருங்கள். கோடு மேடாக இருந்தால் அச்சு விரிசல், பள்ளமாக இருந்தால் யாரோ சாவியோடு பையில் போட்டு வைத்த கீறல்.