கிடையில் கிடந்த லாரியை எழுப்பும்போது

வருடக்கணக்கில் ஓடாமல் கிடந்த லாரி கைக்கு வந்ததும் எல்லாருக்கும் ஒரே அவசரம்: பேட்டரியை மாட்டி ஒரு செல்ஃப் அடித்துப் பார்த்துவிட வேண்டும். பட்டறையில் முதலில் தடுக்க வேண்டியது இதைத்தான். நின்ற வண்டியில் பெரிய இரும்புகள் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. ரப்பர் காய்ந்து வெடிக்கும், கண்ட இடத்தில் தண்ணீர் சேரும், ஒயர் முனைகள் பூத்துப்போகும். இவற்றைப் பார்க்காமல் சுழற்றினால் பிழைத்திருக்கும் இன்ஜினையும் நாமே கொன்றுவிடுவோம்.

முதலில் ஆயில் சம்பு, அதாவது இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி. டிரெயின் போல்ட்டை முழுதாகக் கழற்றாமல் நூல் நூலாகத் தளர்த்த வேண்டும். தண்ணீர் ஆயிலைவிடக் கனம். உள்ளே இருந்தால் அதுதான் முதலில் கசியும். வந்தால் ஹெட் கேஸ்கெட், லைனர் (சிலிண்டரின் உள்குழாய்) ஓரிங், ஆயில் கூலர் மூன்றையும் சந்தேகப்பட வேண்டும். நிமிர்ந்து நிற்கும் சைலன்சர் குழாய்க்கு மூடி இல்லாவிட்டால் மழைநீர் அந்த வழியாகவும் சிலிண்டரில் இறங்கும். ஆயில் இளகி டீசல் வாடை அடித்தால் பார்க்க வேண்டியது ஃபீட் பம்பும் இன்ஜெக்டரும்.

அடுத்தது, கிராங்க் புல்லி போல்ட்டில் நீளக் கைப்பிடி போட்டு இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுவது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் எல்லா சிலிண்டரும் ஒரு முறை வேலை செய்து முடிக்க இரண்டு சுற்று வேண்டும். நடுவில் முட்டினால் பலம் காட்டக் கூடாது. சிலிண்டரில் தண்ணீர் நின்றால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். இன்ஜெக்டர்களைக் கழற்றி, சிலிண்டருக்கு இரண்டு ஸ்பூன் மெல்லிய ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, முன்னும் பின்னுமாக அசைத்தால் ஒட்டிய ரிங்குகள் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

டேங்க் அடியிலிருந்து ஒரு லிட்டர் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தால் சிறிது நேரத்தில் கதை தெரிந்துவிடும்: கீழே தண்ணீர், நடுவில் கருப்பு வழவழப்பு, மேலே டீசல். அந்த வழவழப்பு கிருமி வளர்ச்சி. டேங்கைக் கழுவாமல் ஃபில்டர் மட்டும் மாற்றினால் புது ஃபில்டரும் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். டீசல் பைப்பில் புகுந்த காற்றை எடுக்கும்போது பழைய பம்ப் என்றால் ஃபில்டர் ஸ்க்ரூ, பம்ப் ஸ்க்ரூ, கடைசியாக இன்ஜெக்டர் நட்டு என்று வரிசையாகப் போகலாம். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் ஹை பிரஷர் பைப்பைத் தளர்த்தவே கூடாது. அங்கே அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

முதல் ஸ்டார்ட்டின்போது டீசலை நிறுத்தி வைத்து, 10 விநாடி சுழற்றி, ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து, ஆயில் பிரஷர் காட்டும்வரை திரும்பச் செய்ய வேண்டும். ஏர் இன்டேக் வாயை அடைக்க ஒரு பலகையுடன் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பம்ப் ரேக் ஒட்டியிருந்தால் இன்ஜின் தானாக வேகம் எடுக்கும்; அப்போது சாவியைத் திருப்பிப் பயனில்லை, காற்றை அடைத்தால்தான் நிற்கும்.

ஓடத் தொடங்கியது என்பதற்காகக் கேட்டைத் திறந்துவிட முடியாது. பிரேக்குக்குத்தான் அதிக நேரமும் பணமும் ஒதுக்க வேண்டும், இதில் சமரசமே கிடையாது. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பிரேக்கை இயக்கும் ஏர் 7–8 பார் ஏறியதும் இன்ஜினை நிறுத்திக் காது கொடுத்துக் கேளுங்கள். சீறல் வரும் இடத்தில் சோப்பு நீர் பூசினால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஏர் டேங்கைத் திறக்கும்போது வெறும் தண்ணீர் வந்தால் வடித்துவிட்டு டிரையரைப் பார்த்தால் போதும். ஆயில் கலந்து வெள்ளையாக வந்தால் கம்ப்ரசர் ரிங் தேய்ந்திருக்கும், அந்த ஆயில் வால்வு ரப்பர்களையும் ஊதவைத்திருக்கும். பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும், கையால் திருப்பும் ஸ்லாக் அட்ஜஸ்டரை லைனிங் டிரம்மில் தொடும்வரை இறுக்கி, கால் முதல் அரைச் சுற்று பின்வாங்க வேண்டும். ஆட்டோமேட்டிக் அட்ஜஸ்டரில் புஷ்ராடு (அட்ஜஸ்டரைத் தள்ளும் தண்டு) ஓட்டம் கூடியிருந்தால் கையால் திருப்பிச் சரிசெய்வது ஏமாற்று வேலை. பிரேக் ஷூவை விரிக்கும் எஸ் கேமின் புஷ்ஷோ அட்ஜஸ்டரோ போயிருக்கிறது, அதை மாற்றத்தான் வேண்டும். ஏர் இல்லாதபோது ஸ்பிரிங்கால் பிரேக் பிடிக்கும் ஸ்பிரிங் பிரேக் சேம்பரின் கிளாம்பை மட்டும் யாரும் கழற்றாதீர்கள். உள்ளே அடங்கியிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும்.

டயரில் தடம் ஆழமாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், வயதைப் பாருங்கள். பக்கச் சுவரில் 2316 என்றிருந்தால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. வெடிப்பு விழுந்த டயர் முன் ஆக்சிலில் இருக்கவே கூடாது.

கூலிங்கில் துருத் தண்ணீர் இருந்தால் தெளிவாக வரும்வரை கழுவி, கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி ஊற்றலாம். வெறும் தண்ணீரில் ஓடினால் கூலிங் நீர் நேரடியாகத் தொடும் வெட் லைனரின் வெளிப்புறம் புள்ளி புள்ளியாக அரித்து ஓட்டையே விழும். ஹோஸ்களையும் பெல்ட்டையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

செல்ஃப் மந்தமாக இருந்தால் பேட்டரியைக் குறை சொல்லுமுன், சுழலும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே மீட்டர் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கிறது. 24 வோல்ட் வண்டியில் சார்ஜிங் 27.5–28.5 இருக்க வேண்டும்.

கிரீஸ் அடிக்கும்போது புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை இணைக்கும் யு-ஜாயின்ட்டின் நான்கு கப்பிலிருந்தும் பழைய கிரீஸ் வெளியே வர வேண்டும். ஒன்றில் வராமல் ஓரத்தில் செந்நிறப் பொடி தெரிந்தால் ஜாயின்ட்டின் நடுவிலுள்ள அந்தக் கிராஸ் காய்ந்து தேய்ந்துவிட்டது.

முதல் 50–100 கி.மீ. சுமையின்றி ஓட்டிவிட்டு வீல் நட்டுகளையும் லீஃப் ஸ்பிரிங் யு-போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்க வேண்டும். ஆயிலையும் ஃபில்டரையும் 500 கி.மீ.யிலேயே மாற்றி, கழற்றிய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். கருப்பு மண்டி மட்டும் இருந்தால் சரி. செம்பு நிறத் துகள் மினுங்கினால் சுமை ஏற்றாமல் சம்பை இறக்கி பேரிங்கைப் பார்க்க வேண்டும்.