எனக்கு முன்னால் திறந்தவர்கள்

பழைய கைக்கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தால், உள்பக்கத்தில் மயிரிழை போலச் சில கீறல்கள் தெரியும். சர்வீஸ் செய்தவர் ஊசிமுனையால் போட்டுவைத்த குறி. தேதி இருக்கும், ரசீது எண் இருக்கும், சில சமயம் பெயரின் முதல் எழுத்துகள் இருக்கும். வாட்சைக் கட்டியிருப்பவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அடுத்துத் திறக்கப் போகும் மெக்கானிக் மட்டும்தான் பார்ப்பார். 25 வருடமாக அந்த அடுத்த ஆள் நான்தான்.

என் மேசைக்கு வருவதில் பாதிக்கு மேல் குரோனோகிராஃப். நேரம் காட்டுவதோடு, பட்டனை அழுத்தினால் ஸ்டாப்வாட்சாகவும் ஓடுகிற வகை. ரிப்பேர் போக, "இதை வாங்கலாமா?" என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பார்த்துச் சொல்வதும் எப்படியோ என் வேலையில் சேர்ந்துகொண்டது. விற்பவர் சம்மதித்தால் வாட்சை இரண்டு நாள் என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். ஆரம்பத்தில் இதைச் சும்மா ஒத்தாசை என்று நினைத்துச் செய்தேன். ஒருவருடைய சேமிப்பு என் வாயில் இருக்கிறது என்பது புரிய இரண்டு மூன்று தவறுகள் தேவைப்பட்டன.

ஒருமுறை ஒருவர் இரண்டு வாட்சுகளை ஒன்றாகக் கொண்டுவந்தார். சேகரிப்பில் ஏற்கெனவே சாதாரண வாட்சுகள் நிறைய இருக்கின்றன, முதல் குரோனோகிராஃப் இது, இரண்டில் ஒன்று என்றார். இரண்டிலும் வால்ஜூ 72 மெஷின். 1938இல் வந்து 1974 வரை தயாரான, சாவி கொடுத்து ஓட்டுகிற சுவிஸ் மெஷின் அது. ஏகப்பட்ட கம்பெனிகள் அதை வாங்கித் தங்கள் டயலுக்கு அடியில் வைத்தன. ரோலெக்ஸின் ஆரம்பகால டேடோனாவில் இருந்ததும் இதன் வழிவந்த மெஷின்தான்.

முதல் வாட்ச் புதிது போல இருந்தது. கேஸ், அதாவது வெளிக்கூடு, கண்ணாடி மாதிரி மின்னியது, டயலில் ஒரு புள்ளி கிடையாது. இரண்டாவதன் டயல் ஓரத்தில் மங்கல், எண்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒளிப்பூச்சு பழைய காகிதம் போல மஞ்சளித்திருந்தது, கேஸ் முழுக்கக் கீறல். போதாததற்கு ஸ்டாப்வாட்சின் நொடி முள் பூஜ்யத்துக்குத் திரும்பும்போது கோட்டைத் தொடாமல் ஒரு மயிரிழை தள்ளி நின்றது. அவர் மனம் எங்கே இருந்தது என்று கேட்கவே வேண்டாம்.

நான் முதலில் விளக்கை அணைத்தேன். இருட்டில் பிரகாசிக்கும் எல்லாவற்றையும் நாம் 'ரேடியம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். சைக்கிள் ஸ்டிக்கர்கூட நமக்கு ரேடியம்தான். வாட்ச் விஷயத்தில் அந்த வார்த்தையை ஜாக்கிரதையாகப் பேச வேண்டும். உண்மையான ரேடியம் 1960கள் வரை டயல்களில் இருந்தது. அதன் அரை ஆயுள், அதாவது கதிர்வீச்சு பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 1,600 வருடம். பூச்சில் ஒளிரும் பொருள் எப்போதோ செத்துப் போயிருக்கும், ஆனால் கதிர்வீச்சு அப்படியே இருக்கும். அதனால் அந்தக் காலத்து டயலைச் சுரண்டுவதோ தூசியை ஊதுவதோ கூடவே கூடாது. அதற்குப் பிறகு வந்தது டிரிட்டியம். டயலின் அடியில் 'ஸ்விஸ்' என்ற சொல்லுக்கு இரு பக்கமும் 'டி' என்ற எழுத்து இருந்தால் அது. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12 வருடத்துக்குக் கொஞ்சம் கூட. 50 வருடத்தில் பதினாறில் ஒரு பங்குகூட மிஞ்சாது.

இரண்டு டயலிலும் அந்த 'டி' இருந்தது. டார்ச்சை இரண்டின் மேலும் பத்து நொடி பிடித்துவிட்டு எடுத்தேன். மஞ்சள் பூச்சு கண் சிமிட்டுவதற்குள் அணைந்தது. பளபளப்பான வாட்ச் பச்சையாக எரிந்துகொண்டே இருந்தது. அவர் "ஆஹா" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. லென்ஸைக் கண்ணில் மாட்டி அந்த டயலைப் பார்த்தேன். சின்ன வட்டங்களைச் சுற்றியிருந்த கோடு ஓர் இடத்தில் தடித்து, ஓர் இடத்தில் மெலிந்து ஓடியது. எழுத்துகளின் ஓரம் இங்க் ஊறியது போல மெத்தென்று இருந்தது. பூச்சைப் புதிதாக வைத்தது மட்டுமல்ல, டயலையே யாரோ மறுபடி அச்சடித்திருக்கிறார்கள். 'டி'யையும் விடாமல் சேர்த்து அச்சடித்ததுதான் வேடிக்கை.

கேஸைப் பற்றிப் பேசும்போது என்னையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். வேலை கற்றுக்கொண்டிருந்த நாட்களில் ஒரு ஸ்டீல் குரோனோகிராஃபைப் பாலிஷ் போடச் சொன்னார்கள். சுற்றுகிற பஃப் சக்கரத்தில் வைத்து ஆசை தீரத் தேய்த்தேன். கீறல் எல்லாம் போய் முகம் பார்க்கலாம் போல வந்தது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவரிடம் பெருமையோடு நீட்டினேன். அவர் கேஸின் நான்கு காதுகளையும், அதாவது ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளை, கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். "விளிம்பு எங்கே தம்பி?" என்று கேட்டார். தொழிற்சாலையில் ஒரு பக்கம் மின்னும்படியும் மறுபக்கம் மெல்லிய கோடுகளோடும் வெட்டி, இரண்டும் சந்திக்கும் இடத்தில் கத்தி போல ஒரு விளிம்பை விட்டிருப்பார்கள். நான் அதைச் சோப்புக்கட்டி ஆக்கியிருந்தேன். கீறலை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். போன உலோகத்தை ஒட்டவைக்க சாதாரணமாக வழியில்லை. அந்த வாட்ச் இப்போது யார் கையில் இருக்கிறதோ, விளிம்பைத் தேடி என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்.

வந்தவரின் விரலைப் பிடித்து இரண்டு கேஸ்களின் காதுகளையும் தடவச் சொன்னேன். மஞ்சள் வாட்சின் விளிம்பு விரலில் லேசாக வெட்டியது. அவருக்கு அது புரிந்தது. முகம் கொஞ்சம் மாறியது.

அடுத்தது பட்டன். மேல் பட்டனை அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும், கீழ் பட்டன் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும். இதுதான் வழக்கம். விதிவிலக்கும் உண்டு. லாண்டிரான் 48 என்று ஒரு மெஷின். அதில் மேல் பட்டன் ஓட்ட மட்டும்தான். நிறுத்துவதும் திருப்புவதும் கீழ் பட்டன். இது தெரியாமல் முதல் முறை வந்த லாண்டிரானை "மேல் பட்டன் நிறுத்தவில்லை, ரிப்பேர்" என்று சீட்டெழுதி, பாதி மெஷினைப் பிரித்தும்விட்டேன். பெரியவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

வருகிறவர்கள் எல்லோரும் 'காலம் வீல்' இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இந்தக் 'காலம்' நேரமல்ல, தூணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். கோட்டைக் கொத்தளம் மாதிரி நிற்கும் சின்னத் தூண்களோடு ஒரு சக்கரம், அதுதான் எந்த நெம்பு எப்போது அசைய வேண்டும் என்று தீர்மானிக்கும். அழுத்தும்போது விரலுக்குச் சுகமாக இருக்கும், மறுப்பதற்கில்லை. அதற்காக, அதே வேலையைத் தகடு வெட்டிச் செய்த கேமால் முடிக்கிற வகையை மட்டம் என்று தள்ளுவதை நான் ஏற்கமாட்டேன். ஒமேகாவின் ஸ்பீட்மாஸ்டர் குரோனோகிராஃபே 1968இல் காலம் வீல் கொண்ட 321 மெஷினை விட்டு, கேம் வைத்த 861க்கு மாறியது. என் மேசையில் 861 அழுது பார்த்ததில்லை.

பூஜ்யத்துக்குத் திரும்புகிற வேலையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது. முள்ளின் அச்சில் இதய வடிவத்தில் ஒரு துண்டு இருக்கும். 1844இல் அடால்ஃப் நிக்கோல் காப்புரிமை வாங்கிய யோசனை. முள் எந்த இடத்தில் நின்றிருந்தாலும் சரி, சுத்தியல் போன்ற ஒரு நெம்பு வந்து அந்த இதயத்தின் மேல் விழுந்தால், அது வழுக்கிக்கொண்டு தன் பள்ளத்தில் போய் நிற்கும். முள்ளும் கூடவே பூஜ்யத்துக்கு வந்துவிடும். மஞ்சள் வாட்சின் முள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே மயிரிழை தள்ளி நின்றது. அது நல்ல செய்தி. முள்ளை எடுத்துச் சரியாகப் பொருத்தினால் தீர்ந்தது. பளபளப்பான வாட்ச் பத்து முறையில் எட்டு முறை கோட்டில் நின்றது. மிச்சம் இரண்டு முறை வேறு வேறு இடத்தில். அதற்குக் காரணம் தேடினால் தேய்மானத்தில் போய் முடியும்.

வாட்சின் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் வைத்தால் இரண்டும் நல்ல எண்தான் காட்டின. இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை நடத்தும் சமநிலைச் சக்கரத்தின் வீச்சு 270 டிகிரிக்குப் பக்கத்தில். இங்கேதான் நான் முன்பு ஒருமுறை சறுக்கினேன். எண்ணைப் பார்த்துவிட்டு "தைரியமாக வாங்குங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். ஒரு வாரத்தில் அவர் திரும்பி வந்தார். ஸ்டாப்வாட்சின் நிமிட முள் 20 தாண்டியதும் நின்றுவிடுகிறது. அந்தக் கருவி சொல்வது வாட்ச் நேரம் ஓட்டுகிற கதையை மட்டும். ஸ்டாப்வாட்ச் பக்கம் அதற்குத் தெரியாது. அதிலிருந்து குரோனோகிராஃபை ஓடவிட்டு இன்னொரு தடவை அளக்கிறேன். வீச்சு 20, 30 டிகிரி இறங்கும், அது இயல்பு. 60 இறங்கினால் எங்கேயோ பல்லில் உராய்கிறது. அப்புறம் வாட்சை மேசையில் வைத்து, ஒவ்வொரு நிமிடமும் சின்ன முள் தாவுகிறதா என்று அரை மணி நேரம் முழுவதும் பார்ப்பேன். 12 மணி நேர வட்டம் இருந்தால் ராத்திரி ஓடவிட்டுக் காலையில் பார்க்க வேண்டும். ஸ்டாப்வாட்ச் ஓடாதபோதும் அந்த வட்டத்தின் மணி முள் திருட்டுத்தனமாக நகர்கிறதா என்பதும் ஒரு சோதனை. பளபளப்பான வாட்சில் நகர்ந்தது.

பிறகு மூடி.

பளபளப்பான வாட்சின் திருகுகளில் பாதிக்கு மேல் தலை சிதைந்திருந்தது. பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் யாரோ மல்லுக்கட்டியிருக்கிறார்கள். மெஷின் முழுக்கத் தங்க நிறம், சக்கரங்களைத் தாங்கும் தகடான பாலங்களில் மேலே உள்ள ஒன்று மட்டும் வெள்ளி நிறம். வேறொரு வாட்சிலிருந்து வந்தது. மூடியின் உள்பக்கம் வழித்துத் துடைத்தது போல இருந்தது, ஒரு குறிகூட இல்லை. அங்கேயுமா பாலிஷ் போடுவார்கள்?

இப்படி வாட்சில் ஒட்டுவேலை சின்ன இடங்களில் மட்டும்தான் நடக்கும் என்றில்லை. 2021இல் ஜெனீவாவில் ஏலம் போன பழைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 30 லட்சம் சுவிஸ் பிராங்கைத் தாண்டியது. வாங்கியது ஒமேகாவின் அருங்காட்சியகமே. 2023இல், அது பல வாட்சுகளின் பாகங்களைக் கொண்டு கட்டியது என்று அந்த நிறுவனமே அறிவித்தது. தயாரித்தவர்களே ஏமாறும்போது, லென்ஸும் சாமணமும் வைத்திருக்கும் நான் எந்த மூலைக்கு? அதனால் "நிச்சயம் அசல்" என்று நான் எழுதிக் கொடுப்பதில்லை. "பார்த்தவரை ஒத்துப்போகிறது" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

மஞ்சள் வாட்சின் மூடியில் நான்கு குறிகள் இருந்தன. முதல் மூன்றும் ஒரே கை. ஏழெட்டு வருட இடைவெளியில் அதே ஆள் மூன்று முறை திறந்திருக்கிறார். அவருடைய ஏழு எண்ணுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கோடு. மூன்றாவது குறியில் கோடு நடுங்கியிருந்தது. நான்காவது வேறு ஆள். திருகுகளில் ஒன்றுகூடக் கெடவில்லை. எண்ணெய் அங்கங்கே காயத் தொடங்கியிருந்தது, அவ்வளவுதான்.

இந்த மாதிரி ஆட்களைப் பற்றி நினைக்கும்போது எனக்கு சுவிட்சர்லாந்தின் லெ லோக்கிளில் ஜெனித் வாட்ச் தொழிற்சாலையில் இருந்த சார்ல்ஸ் வெர்மோ ஞாபகம் வருவார். 1969இல் எல் பிரிமெரோ என்ற ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃபை அறிவித்த கம்பெனி. 1975இல், பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சுகளின் அலையில், மெக்கானிக்கல் மெஷின் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி அப்போதைய அமெரிக்க முதலாளிகளிடமிருந்து உத்தரவு. வெர்மோ அச்சுகளையும் கருவிகளையும் யாருக்கும் தெரியாமல் பரணில் கொண்டுபோய் மறைத்து, எது எதற்கு என்று எழுதியும் வைத்தார். 1980களில் அந்த மெஷின் மறுபடி உற்பத்திக்கு வந்தது அதனால்தான். 1988இல் டேடோனாவுக்குள் போனதும் அதே மெஷின்தான், கொஞ்சம் மாற்றங்களோடு. வால்ஜூ 72க்கு அப்படி ஒரு மறுபிறவி வாய்க்கவில்லை. ஒரு பல்சக்கரம் போனால் இன்னொரு செத்த வாட்சிலிருந்துதான் எடுக்க வேண்டும். தினமும் கட்ட ஒன்று வேண்டும் என்று கேட்டால் நான் வால்ஜூ 7750 பக்கம் கையைக் காட்டுவேன். கொஞ்சம் தடிமன், கையில் குலுங்கும், ஆனால் பாகம் கிடைக்கும்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்து வந்தார். மஞ்சள் வாட்சை வாங்கிவிட்டாராம், சர்வீஸ் செய்ய வேண்டும், முள்ளைச் சரியாகப் பொருத்த வேண்டும். துணியைப் பிரித்து மேசையில் வைத்தார். கேஸ் மின்னியது.

"விற்றவர் நல்ல மனுஷன் சார். நான் கேட்கவே இல்லை, அவரே பாலிஷ் போட்டுக் கொடுத்திருக்கார்" என்றார்.

கட்டைவிரலால் காதைத் தடவினேன். வழுக்கிக்கொண்டு போனது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து மூடியைக் கழற்றினேன். உள்ளே அந்த நான்கு குறிகளும், குறுக்குக் கோடு போட்ட ஏழும் அப்படியே இருந்தன.

"மெஷின் அருமையான மெஷின்" என்றேன். சர்வீஸ் சீட்டை எடுத்து அவர் பெயரை எழுத ஆரம்பித்தேன்.