மரத்தூளும் லீக்ஸ் பாத்தியும்: விவசாய விஞ்ஞானத்தில் எஸ் எடுத்தவன் ஏ எடுத்த கதை

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து மூன்று நாளாகிறது. போன முறை ஹட்டன் பஸ்ஸில் எஸ் (வெறும் சித்தி) என்று சொல்ல வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போன நான், இந்த முறை ஏ. நடுவில் புதிதாகப் படித்தது அதிகமில்லை. ஒரு கணக்கு விளங்கியது, அவ்வளவுதான்.

முதல் தடவை சேதனப் பொருள் (இலை, வைக்கோல், சாணம் மாதிரி) என்று எதைக் கேட்டாலும் "பங்கசு பிரிகையாக்கும், நைதரசன் பயிருக்குக் கிடைக்கும்" என்று எழுதினேன். பங்கசு என்றால் பூஞ்சை, பிரிகையாக்குவது என்றால் மக்கச் செய்வது. நோட்டில் அப்படித்தான் இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு வகுப்பில் "இருக்கிறதைப் பாடமாக்கு" என்றார்கள். எனக்குத்தான் பாடமாக்க வராதே.

அந்த வருடம் அப்பா லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் பாத்தியில் மரத்தூளை மூட்டை மூட்டையாகக் கொத்திவிட்டார். மூன்றாம் கிழமை பழைய தாளெல்லாம் மஞ்சள். கிளறிப் பார்த்தால் தூளைச் சுற்றி வெள்ளை நூலாகப் பங்கசு. அது மட்டும் செழிப்பாக இருந்தது!

கணக்கைக் கையால் போடுங்கள். பங்கசு 100 கிராம் காபனைத் தின்றால் சுமார் 40 உடம்பில் சேரும், 60 காபனீரொட்சைட்டாகப் போகும். அதன் உடம்பில் காபன், நைதரசன் 10:1 என்று வைப்போம் (இனத்துக்கு இனம் மாறும்). 40க்கு 4 கிராம் நைதரசன் வேண்டும். ஆக, தின்னும் பொருள் 25:1 இருந்தால்தான் கட்டும். புத்தகத்தில் காபன், நைதரசன் விகிதத்துக்கு 25 என்று போட்டிருப்பது இப்படி வந்ததுதான்.

வைக்கோல் 80:1 அளவு. 100 கிராம் காபனுக்கு 1.25 கிராம் நைதரசன்தான் இருக்கிறது, மிச்சம் 2.75ஐப் பங்கசு மண்ணிலிருந்து இழுக்கும். மரத்தூளில் காபன் நைதரசனைப் போலப் பல நூறு மடங்கு, கேட்கவே வேண்டாம். நைதரசன் நிறைந்த கிளிரிசிடியா இலைக்குக் கதை தலைகீழ்: நைதரசன் மிஞ்சும், மிஞ்சியது அம்மோனியமாக வெளியே வரும்.

அப்பாவுக்கு இதைச் சொன்னேன். "அப்ப அதுக்குப் பசி, நம்ம லீக்ஸ் சோத்தைத் தின்னுருச்சு" என்றார். எந்த நோட்டிலும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

இழுத்த நைதரசன் தொலைவதில்லை. பங்கசு செத்தாலோ, மண்ணிலுள்ள வட்டப்புழு அதை மேய்ந்தாலோ திரும்பி வரும். பொசுபரசுக்கும் அப்படித்தான். சக்கரம் முடிவது இந்த இடத்தில். முதல் தடவை நான் விட்டதும் இதைத்தான்.

அப்புறம் சில:

- பற்றீரியாவின் உடம்பில் காபன், நைதரசன் 5:1 அளவு. பங்கசோடு சேர்த்துக் குழப்பாதீர்கள்.
- நைதரசன் சக்கரத்தைப் படமாகக் கீறினால் எது எந்த வடிவத்தில் போகிறது என்று அம்புக்கு மேல் எழுதுங்கள்.
- விடியற்காலை எழும்பிப் படி என்பார்கள். எங்கள் குளிருக்கு அது ஆகாது. நான் இரவில்தான் படித்தேன்.
- கூட்டாகப் படிப்பது எனக்குச் சரிவரவில்லை. பாதி நேரம் பிளேன்டீயில் போகும்.
- "மரத்தூள் இட்டால் என்ன செய்யலாம்?" என்றால் இரண்டு விடை: கூடவே யூரியா போடுவது, அல்லது சாணத்தோடு குவித்து மக்கவிட்டு இடுவது. அப்பா இப்போது இரண்டாவதைத்தான் செய்கிறார்.