பேருக்கு முன்னாடி இனிஷியல் இருக்கா? சவுத் ஆப்பிரிக்கா அப்ளை பண்றதுக்கு முன்னாடி இத படிங்க

நேத்துதான் விசா கைக்கு வந்துச்சு. டர்பன்ல போஸ்ட்டாக் (பிஎச்டிக்கு அப்புறம் பண்ற ஆராய்ச்சி வேலை) முடிச்சு இங்கயே ஒரு யுனிவர்சிட்டில டிரான்ஸ்போர்ட் இன்ஜினியரிங் லெக்சரர் வேலை போன வருஷமே கிடைச்சிருச்சு, சேர முடியாம இத்தனை மாசம் இழுத்தது என் இனிஷியல் ஒண்ணுதான்.

இன்டர்வியூ நல்லாவே போச்சு. ஏர் கார்கோதான் என் பிஎச்டி. ஜோகன்னஸ்பர்க் ஏர்போர்ட் கிட்டத்தட்ட 1,700 மீட்டர் உயரத்துல இருக்கு, காத்து அடர்த்தி கம்மி, வெயில் ஏறிட்டா தூர ஃப்ளைட்டெல்லாம் ஃபுல் வெயிட்ல கிளம்பறது கஷ்டம், அப்போ சரக்கத்தான் முதல்ல குறைப்பாங்க, நம்ம டர்பன் கிங் ஷாகா ஏர்போர்ட் கடலோரமா இருக்கறதால அந்த தொந்தரவு இல்லன்னு போர்டுல கணக்கு போட்டே காட்டினேன்.

அடுத்து டிகிரி மதிப்பீடு. வெளிநாட்டு டிகிரிய இங்க எந்த லெவல்னு மதிப்பிட்டு சர்டிஃபிகேட் வாங்கணும், பிஎச்டின்னா லெவல் 10. என் டிகிரில இனிஷியலும் பேரும், பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா சர்நேம் கட்டத்துல. ரெண்டும் ஒரே ஆள்னு டிகிரி கொடுத்த இடத்துலேர்ந்து லெட்டர் வேணும்னுட்டாங்க.

மச்சான் எனக்காக லீவு போட்டு ஊர்ல அந்த ஆபீசுக்கு போனார். மொதநாள், "ஆளே நேர்ல வரணும்." ரெண்டாவது தடவ நான் அனுப்பின ஆத்தரைசேஷன் லெட்டரோட போனா கையெழுத்து போடறவர் லீவு. மூணாவது தடவ லெட்டர் கிடைச்சிருச்சுன்னு போட்டோ அனுப்பினார், ஜூம் பண்ணி பாத்தா என் பேருல ஒரு ஹெச் இல்ல! பேரு ஒண்ணுதான்னு சொல்ல வந்த லெட்டர்லயே மூணாவதா ஒரு பேரு. அன்னைக்கு ராத்திரி எனக்கு சோறு இறங்கல. நாலாவது தடவ போய்த்தான் சரியான லெட்டர், சீலோட. அதுக்குள்ள 6 மாசம் தாண்டி, விசாவுக்காக வாங்கி வச்சிருந்த போலீஸ் கிளியரன்ஸ் (மேல கேஸ் எதுவும் இல்லன்னு தர்ற சர்டிஃபிகேட்) செல்லாம போச்சு, அத மறுபடி மொதல்லேர்ந்து வாங்கினேன்.

டர்பன்ல நம்ம ஜனங்க நிறைய இருக்கற சாட்ஸ்வொர்த் ஏரியால என் வீட்டுக்கார ஆன்ட்டிகிட்ட இத சொல்லி அழாத குறையா உக்காந்திருந்தேன். 1860லேர்ந்து கரும்புத் தோட்டத்துக்கு கப்பல்ல வந்த நம்ம ஜனங்க வழி வந்தவங்க, கோவெண்டர்னு சர்நேம். "நம்ம கவுண்டர்தான்டா இங்க கோவெண்டர் ஆச்சு, உனக்கு ஒரு எழுத்துதானே, சரியாயிரும்"னு டீய கையில குடுத்தாங்க.

இனிஷியல் இருக்கறவங்க படிச்ச இடத்துல நேம் லெட்டர மொதல்ல வாங்கிருங்க, போலீஸ் கிளியரன்ஸ கடைசியா எடுங்க. லெட்டர் கவுன்டர்ல கைக்கு வந்த உடனே அங்கயே நின்னு பாஸ்போர்ட்ட பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா சரி பாருங்க. சர்ட்டிஃபைட் காப்பிக்கு ஏஜென்ட்டுக்கு காசு கொடுக்காதீங்க, இங்க போலீஸ் ஸ்டேஷன்ல ஃப்ரீயாவே அடிச்சு தருவாங்க.

திங்கக்கிழமை என் முதல் கிளாஸ். கதவுல பேரு போடணும், எப்படி எழுதறதுன்னு டிபார்ட்மென்ட்ல கேட்டாங்க. பாஸ்போர்ட்ல இருக்கறபடியே போடுங்கன்னுட்டேன்.